இரைத்தலும் இரைத்தல் நிமித்தமும்

பாயிரம்

அகத்திணையைப் பேச வந்த தொல்காப்பியர் பொருளை மூன்றாகப் பகுத்தார்: முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்கும் பொழுதுக்கும் உரிய மரம், விலங்கு, உணவு, தொழில் முதலானவை கருப்பொருள். அங்கே வாழும் மனிதருக்கு நேர்வது உரிப்பொருள். உரிப்பொருளைச் சொல்லும்போது கூடவே ‘நிமித்தம்’ என்ற ஒன்றையும் சேர்த்துச் சொல்வது மரபு. பிரிதல் ஒன்று, பிரிதல் நிமித்தம் இன்னொன்று. பிரிவுக்கு முன்னும் பின்னும் அதைச் சூழ்ந்து நிற்பதெல்லாம் நிமித்தம்.

குண்டடம் வட்டாரத்தில் ‘எளப்பு’, ‘வீசிங்’, ‘தூசி ஒத்துக்காது’ என்றெல்லாம் சொல்லப்படும் துன்பத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே இச்சிறுநூலின் வேலை. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் இன்ன நிலத்தில், இன்ன பொழுதில், இன்ன பொருள் பட்டு வருகின்றன. நாமோ இரைத்தலுக்கு மட்டும் மருந்து தேடுகிறோம், நிமித்தத்தை விட்டுவிடுகிறோம். மூச்சு முட்டிய ஓர் இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். முட்டாத முந்நூறு நாளில் ஒன்றும் செய்வதில்லை. நூல் சொல்ல வந்தது இவ்வளவே.

முதலாவது: முதற்பொருள்

பல்லடத்தில் இருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கிறது குண்டடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மேட்டு நிலம். உப்பாறு அணை பக்கத்திலேயே இருந்தும், வானம் பார்த்த காடுகள்தான் நிறைய. மலைத்தொடரில் பாலக்காட்டுப் பக்கம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கணவாய் உண்டு. தென்மேற்குப் பருவக் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக அந்த வாசல் வழியே இந்தப் பக்கம் நுழைகிறது. இப்பகுதிக் காற்றாலைகளைச் சுற்ற வைப்பது அந்தக் காற்று. உழுது போட்ட காட்டின் புழுதியைக் கிளப்பி வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதும் அதே காற்று.

பெரும்பொழுது ஆறில் பலவும் இங்கே மூச்சுக்கு ஒரு சோதனை வைத்திருக்கின்றன. ஆனி, ஆடி முதுவேனிலில் புழுதிக் காற்று. ஆவணி முதல் கார்த்திகை வரை, கார் காலத்திலும் கூதிரிலும், மழை பட்ட இடமெல்லாம் புல்லும் பூண்டும் பூத்து மகரந்தம் பறக்கிறது. ஈரச் சுவரில் பூஞ்சை படர்கிறது. மார்கழி, தை முன்பனியில் புகை மேலே எழாமல் தரையோடு படிகிறது. சளி பிடிக்கும் வைரஸ்களும் பள்ளிக்கூடம் வழியாக வீடு வீடாகப் போகின்றன. போகியன்று பழந்துணியும் டயரும் எரிக்கும் வழக்கம் அதன்மேல் ஏறி உட்கார்கிறது. தை, மாசியில் மக்காச்சோளம் அடிக்கும் களத்துத் தூசி.

சிறுபொழுதில் ஆஸ்துமாவுக்கு உரியது வைகறை. இரவு இரண்டு மணியில் இருந்து நான்கு மணி வரை உடலில் கார்டிசால் என்ற சுரப்பு தாழ்ந்திருக்கும், மூச்சுக் குழல்களும் பகலைவிடச் சுருங்கியிருக்கும். நோயாளி எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவது அந்த நேரத்தில்தான். மருத்துவர் அவரைப் பார்ப்பதோ காலை பத்து மணிக்கு. அதற்குள் பாதி தணிந்திருக்கும். “இப்ப பரவால்லீங்க” என்று அவரும் சொல்லிவிடுவார். வைகறையில் நடந்ததைச் சொல்லாத நோயாளிக்கு எவ்வளவு நல்ல மருத்துவராலும் முழுதாக உதவ முடியாது.

இரண்டாவது: கருப்பொருள்

மரமும் புல்லும். கொங்கு நாட்டின் பழைய மேய்ச்சல் முறை கொறங்காடு. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். ஆட்டுக்கும் காங்கேயம் மாட்டுக்கும் அது உயிர்நாடி. புல் பூக்கும் காலத்தில் அதன் மகரந்தம் சிலருடைய மூக்குக்கு ஒத்துக்கொள்ளாது. வெட்டவெளியில் மண்டிய சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் அப்படியே. இவற்றைவிடப் பெரிய தொல்லை பார்த்தீனியம். 1950-களின் நடுவில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட இந்த அமெரிக்கப் பூண்டு இன்று நாடெங்கும் வாய்க்கால் ஓரத்தையும் சாலை ஓரத்தையும் பிடித்துக்கொண்டது. ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். அதன் மகரந்தம் தும்மலையும் கண் அரிப்பையும் தரும். அதில் உள்ள பார்த்தீனின் என்ற பொருள் வெறுங்கையால் பிடுங்குவோரின் தோலைக் கருக்க வைக்கும். பூக்கும் முன்பு, கையுறை போட்டு, வேரோடு பிடுங்க வேண்டும்.

விலங்கு. இந்த வரிசையில் முதலாவது கண்ணுக்குத் தெரியாது. 1964-ல் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள், வீட்டுத் தூசி ஒவ்வாமைக்குக் காரணம் தூசிச் செதிலுண்ணி என்று காட்டினார்கள். அளவு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அது கடிக்காது. மனிதத் தோலில் இருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். அதன் கழிவுதான் மூக்கையும் நெஞ்சையும் தாக்குகிறது. பனியன் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்துத் தைத்த தலையணை நம் வீடுகளில் உண்டு. ஐந்தாறு வருடமாக உறை மட்டும் மாறி, உள்ளே இருப்பது மாறாத தலையணை. அதை வெயிலில் இரண்டு தட்டுத் தட்டினால் எழும் மாவு போன்ற தூசிதான் பிள்ளை இரவெல்லாம் முகம் புதைத்துக் கிடக்கும் இடம். உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை, கை பொறுக்காத சூட்டில், 55 டிகிரிக்கு மேல் உள்ள வெந்நீரில் அலச வேண்டும். பழைய தலையணையை மாற்ற வேண்டும். குண்டடத்து வெயில் இதற்கு நல்ல துணை, செதிலுண்ணிக்கு ஈரப்பதம் இல்லாமல் வாழ்வில்லை. கரப்பான் பூச்சியின் எச்சமும் இதே வேலையைச் செய்யும்.

புகை. தொல்காப்பியர் பட்டியலில் இது இல்லை, நம் பட்டியலில் வேண்டும். மலேசிய ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிய வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று கணக்கிட்டது. கதவடைத்த அறையில், பிள்ளையின் தலைமாட்டில், விடிய விடிய எரிவது அது. கொசுவலை அந்த வேலையைப் புகை இல்லாமல் செய்யும். குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது நம் பாட்டிமார் அன்பின் வழக்கம். ஆனால் வீசிங் வரும் குழந்தைக்கு அந்தப் புகை ஆகாது. துவட்டிய துண்டே போதும். விறகடுப்புக்கும் பீடிக்கும் இதே தீர்ப்பு.

தொழில். நூற்பாலையில் தூசி மிகுந்த இடங்கள் புளோரூமும் கார்டிங்கும். கழிவுப் பஞ்சை நூற்கும் ஓ.இ. மில்களில் அது இன்னும் கூடுதல். நிட்டிங்கில் பஞ்சுத் துகள் பறக்கும். சாயப்பட்டறையில் ரியாக்டிவ் சாயப் பொடியை நிறுத்துக் கொட்டுகிறவருக்கு, அந்தப் பொடியே நாளடைவில் ஆஸ்துமாவைப் புதிதாக உண்டாக்கக்கூடும் என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. அங்கே போடும் ஹைட்ரோஸில் இருந்து கிளம்பும் கந்தக வாயு, இருக்கிற ஆஸ்துமாவைத் தூண்டும். கோழிப்பண்ணைத் தூசியும் இந்த வரிசையில் சேரும்.

மூன்றாவது: உரிப்பொருள்

உடம்பு தனக்குத் தீங்கு செய்யாத ஒன்றைத் தீங்கு என்று எடுத்துக்கொண்டு போர் தொடுப்பதே ஒவ்வாமை. அலர்ஜி என்ற சொல்லை 1906-ல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கினார். அந்தப் போரை நடத்தும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதத்தை, இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியரும் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களும் 1960-களின் பிற்பகுதியில் தனித்தனியே கண்டறிந்தார்கள். மகரந்தமோ செதிலுண்ணியின் கழிவோ பட்டதும் இது சில செல்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமின் முதலானவற்றைக் கொட்டுகின்றன. மூக்கில் நடந்தால் தும்மல், கண்ணில் அரிப்பு, தோலில் தடிப்பு.

மூச்சுக் குழலில் நடப்பது மூன்று: உள்தோல் வீங்குகிறது, சளி ஊறுகிறது, குழலைச் சுற்றிய தசை இறுகுகிறது. காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் இவர்களுக்குக் கடினம். இறுகிய குழல் வழியே வெளியேறும் காற்றின் விசில் சத்தமே வீசிங். மூன்றில் தசை இறுக்கம் நிமிடங்களில் வந்து நிமிடங்களில் போகும். வீக்கமோ நாள்கணக்கில், மாதக்கணக்கில், சத்தமே இல்லாமல் உள்ளே இருக்கும். இந்த வேறுபாட்டை மறவாதிருக்க வேண்டும், அடுத்த இயல் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

பஞ்சாலைக்காரருக்கு வரும் இறுக்கம் ஒன்று தனியே உண்டு. பெயர் பிசினோசிஸ். எங்கள் பெரியப்பா ஒரு நூற்பாலையில் கார்டிங்கில் இருந்தவர். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போய், மதியத்துக்கு மேல் நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்காருவார். “கயிறு போட்டுக் கட்டுன மாதிரி இருக்குதுடா” என்பார். புதன், வியாழனில் சரியாகிவிடும். ஞாயிற்றுக் கிழமைக் கறிச்சோறு செரிக்கவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். யாரும் ஒருமுறைகூட ஆலையையும் கிழமையையும் சேர்த்து யோசிக்கவில்லை. அந்தச் சேர்க்கைதான் நோயின் அடையாளமே. சணலும் ஆளியும் சீவுவோரின் இருமலை இத்தாலியின் ராமஸ்ஸினி 1700-லேயே தன் தொழில்நோய் நூலில் எழுதினார். 1950-களில் லங்காஷயர் பஞ்சாலைகளை ஆராய்ந்த ஷில்லிங் என்ற மருத்துவர், இறுக்கம் திங்கட்கிழமை மட்டுமா, மற்ற நாளிலுமா என்ற கேள்வியை வைத்தே நோயைப் படிநிலையாக வகுத்தார். திங்களோடு நிற்கும்போது தூசியில் இருந்து விலகினால் மீளலாம். எல்லா நாளும் ஆகிவிட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. அமெரிக்கா 1978-ல் பஞ்சுத் தூசிக்கு உச்ச அளவு விதித்த பிறகு அங்கே இந்நோய் வெகுவாகக் குறைந்தது. தூசியைக் குறைத்தால் நோய் குறையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நான்காவது: நிமித்தம்

மூச்சைத் திறக்கும் மருந்துக்கு நம் மண்ணோடு பழைய உறவு உண்டு. ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகை பிடிக்கும் வழக்கத்தைச் சென்னையின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனிடம் அறிந்து, 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். ஊமத்தையில் உள்ள அட்ரோபின் குடும்பத்தின் வழியில் வந்ததுதான் இன்று நெபுலைசரில் ஊற்றப்படும் இப்ராட்ரோப்பியம். செடியாகப் பயன்படுத்தினால் ஊமத்தை கொடிய விஷம், அதைத் தொடவே கூடாது. 1950-களில் அமெரிக்காவில் ஆஸ்துமா உள்ள பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, தலைக்கு அடிக்கும் ஸ்பிரே போல என் மருந்தும் வரக்கூடாதா என்று மருந்துக் கம்பெனி நடத்திய தன் தந்தையைக் கேட்டாள். 1956-ல் முதல் பம்ப் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

இன்ஹேலர் இரு வகை. சால்பியூட்டமால் போன்றது நிவாரணி: இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. புடெசனைடு போன்ற, மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு தடுப்பான்: வீக்கத்தை மெல்ல வற்றச் செய்யும். முன்னது இரைத்தலுக்கு மருந்து, பின்னது நிமித்தத்துக்கு மருந்து. நிவாரணியை மட்டும் நம்பி வாழ்கிறவருக்குக் குழல் வீங்கிக்கொண்டே போகும், ஒருநாள் அது எதற்கும் திறக்காமல் போகலாம். அதனால்தான் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டி அமைப்பான ஜீனா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நிவாரணியை மட்டும் கொடுத்து அனுப்புவது சரியல்ல என்று 2019-ல் அறிவித்தது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா மரணங்களிலோ 42 சதவீதத்துக்கு மேல் இங்கேதான். 13-க்கும் 42-க்கும் நடுவே கிடக்கும் உயிர்களில் பல, தடுப்பான் கிடைக்காமல் அல்லது தொடராமல் போனவை.

கிடைத்தாலும் இழுக்கத் தெரிய வேண்டும். பஸ் நிற்கும் இடத்து டீக்கடைத் திண்ணையில் ஓர் அம்மாயி பேரனை மடியில் சாய்த்து, வாயில் பம்ப்பை வைத்து அழுத்தினார். பையன் அப்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தான். உதட்டோரம் வெள்ளைப் புகையாக ஒரு சுருள் வெளியே வந்து கலைந்தது. “மருந்து போயிருச்சுங்களா?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். மருந்து போய்விட்டதுதான், காற்றோடு. பெரியவர்கள் பம்ப்பை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்தி, முடியும் மட்டும் இழுத்துப் பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். குழந்தைக்கு நடுவில் ஸ்பேசர் குழாய் வேண்டும், சின்னக் குழந்தை என்றால் முகமூடியும். ஸ்பேசர் வாங்க முடியாத நேரத்தில், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டுப் பயன்படுத்தலாம். அது கடைச் சரக்குக்கு இணையாக வேலை செய்வதைக் கேப் டவுன் குழந்தை மருத்துவர்கள் 1999-ல் நிறுவினார்கள்.

ஐந்தாவது: தடையும் விடையும்

தடை: “பம்ப்பு வெச்சாப் பழகிப்போயிருமுங்க. மாத்திரையே குடுங்க.” விடை: சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். பம்ப்பின் ஓர் அழுத்தில் 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை நாற்பது அழுத்துக்குச் சமம். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைத்து நெஞ்சைப் படபடக்க வைக்கும், பம்ப் நேரே குழலுக்குப் போகும். நிவாரணி அடிக்கடி தேவைப்பட்டால் அது பழக்கத்தின் அடையாளமல்ல, வீக்கம் அடங்கவில்லை என்பதன் அடையாளம்.

தடை: “ஸ்டீராய்டுங்கறாங்களே, பயமா இருக்குதுங்க.” விடை: இழுக்கும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு. இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும். தடுப்பானை மறுத்து, வருடத்துக்கு நான்கு முறை ஊசியும் மாத்திரையுமாக ஏற்றிக்கொள்ளும் ஸ்டீராய்டுதான் அளவில் பெரிது, அதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

தடை: “நல்லா இருக்கறப்ப எதுக்குங்க மருந்து?” விடை: வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகா தூர் வாருவோம்? வறண்டிருக்கும்போது வாரிய வாய்க்கால்தான் கடைமடைக்குத் தண்ணீர் சேர்க்கும்.

தடை: “தயிர், வாழைப்பழம் நிறுத்திப் போட்டமுங்க.” விடை: ஓர் உணவு குறிப்பாகத் தனக்கு ஆகவில்லை என்று கண்டவர் அதை மட்டும் விடலாம். பிள்ளைக்கு எல்லாவற்றையும் நிறுத்தினால் ஆஸ்துமாவோடு சோகையும் சேரும்.

தடை: “மில்ல விட்டாப் பொழப்பு?” விடை: வேலையை விடச் சொல்லவில்லை. தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பிசினோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் அதைத் தொழில்நோயாக ஏற்றவை. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் மருத்துவரிடம் வேலை செய்யும் பிரிவையும் இறுக்கம் வரும் கிழமையையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.

புறனடை

மூச்சிரைப்பு எல்லாம் ஆஸ்துமா அல்ல. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனை வேண்டும். கால் வீக்கத்தோடு இரைத்தால் இதயம் பார்க்க வேண்டும். நன்றாக விளையாடிய சிறுபிள்ளைக்குத் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வீசிங் என்றால் நிலக்கடலைப் பருப்பு உள்ளே போயிருக்கலாம். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமை, உதடு நீலம் பாய்தல், விலா எலும்புக்கு நடுவே குழி விழுதல், பம்ப் அடித்தும் தணியாமை, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை ஸ்பேசரில் நிவாரணியைத் தொடர வேண்டும்.

அரசுக்கும் ஒரு விண்ணப்பம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இன்று வீட்டு வாசலுக்கு வருகின்றன. 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புடெசனைடு இன்ஹேலர் இருக்கிறது. அந்தப் பையில் அதற்கும் ஓர் இடமும், இழுக்கக் கற்றுக்கொடுக்கச் செவிலியருக்குப் பத்து நிமிடமும் ஒதுக்க வேண்டும்.

வாசகருக்கு வேலை நான்கு கேள்வி. வீட்டில் எளப்பு உள்ளவரை இன்று இரவு உட்கார வைத்துக் கேளுங்கள். போன நான்கு வாரத்தில், வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பகலில் இரைத்ததா? இரைப்பால் இரவில் ஒருமுறையாவது எழுந்ததுண்டா? நிவாரணி பம்ப் வாரம் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? செய்ய நினைத்த வேலையையோ விளையாட்டையோ மூச்சால் விட்டதுண்டா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் நோய் அடங்கவில்லை. விடைகளை ஒரு தாளில் எழுதி, பொழுதையும் கிழமையையும் பக்கத்தில் குறித்து, மூச்சு நன்றாக இருக்கும் ஒரு நாளில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருந்து தொடங்க வேண்டிய நாள் அதுதான்.